என் குதிரைக்குத் தெரிந்த தமிழ்

குதிரைப் பட்டாளத்தில் என்னை முதலில் சேர்த்தது லாடம் அடிக்கிற வேலைக்கு. லாடம் அடித்து முடித்ததும் குதிரையில் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். சவாரி அதிகாரி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு என்னைச் சவாரிப் பிரிவுக்கு மாற்றினார். மூன்று வருஷம் கழித்து, தடை தாண்டும் போட்டிக்கான அணியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு அது பெரிய விஷயம். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் அங்கே ஆள் இல்லை. பட்டாளம் இருந்தது வடக்கே, மணல்காட்டை ஒட்டிய ஓர் ஊரில். நாங்கள் தங்கிய பாரக்கில் தெற்கத்திக்காரன் நான் ஒருவன்தான். யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை. சாப்பிடும்போது அவர்கள் சிரிக்கிற வேடிக்கை எனக்குப் புரிவதற்குள் அடுத்த வேடிக்கைக்குப் போயிருப்பார்கள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

எனக்குக் கொடுத்த குதிரை ஏழு வயதுப் பெண்குதிரை, பழுப்பு நிறம். யாராவது சத்தமாகப் பேசினால் அதன் காதுகள் பின்னால் மடங்கிவிடும். உடம்பு தேய்த்துவிடும்போது அதனிடம் நான் தமிழில் பேசத் தொடங்கினேன். வேறு யாரிடமும் அந்த மொழியைப் பேச வழியில்லை, அவ்வளவுதான் காரணம். நாளாக ஆக அதற்கு அந்தப் பேச்சு பழகிவிட்டது. மைதானத்தில் அடுத்தடுத்து மூன்று தடைகள் இருக்கும். இரண்டாவதைத் தாண்டியதும் அது அவசரப்படும். அப்போது தாழ்ந்த குரலில், "இரு கண்ணு, இரு" என்பேன். வேகம் அடங்கும். "இப்பப் போ சாமி" என்றால் மூன்றாவதைச் சுத்தமாகத் தாண்டும். அந்தப் பருவத்தின் முதல் இரண்டு போட்டிகளிலும் எங்களுக்கு ஒரு தவறுப் புள்ளியும் விழவில்லை.

மூன்றாவது போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சியில் விழுந்தேன். தவறு என்னுடையது, திருப்பத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டேன். இடது காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் விடுப்பு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

சேலத்தில் பஸ் ஏறி, அடிவாரத்தைத் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அம்மா என் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "நொம்ப வலிக்குதா சாமி?" என்று மட்டும் கேட்டாள். காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. காலையில் எல்லோரும் கூடையோடு காட்டுக்குள் போய்விட்டால் லயத்தில் நானும் பனியும் மட்டும்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரிப்பார்.

"குதிரை மேல உக்காந்து சண்டைக்குப் போறீங்களா?"

"இல்லீங்க. போட்டிக்குத்தானுங்க. தடை வெச்சிருப்பாங்க, அதத் தாண்டோணும்."

"தாண்டி?"

"அவ்வளவுதானுங்க."

அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் பழத்தின் விளைச்சலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். பாரக்கில் இல்லாத பேச்சுத் துணைக்காகத்தான் ஊருக்கு வர ஏங்கியிருந்தேன். இங்கே மொழி இருந்தது. ஆனால் நான் சொல்ல நினைத்தது எதுவும் அதில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அம்மாவிடம் குதிரையைப் பற்றிச் சொல்லப் பார்த்தேன். "உன்ற உசுரு தப்பிச்சதே பெருசு" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

இரண்டாவது வாரத்தில் கடிதம் வந்தது. என் கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுக்கிற சவாரிக்காரன் இந்தியில் எழுதியிருந்தான். குதிரையை அவனிடம் கொடுத்துவிட்டார்களாம். இரண்டாவது தடை வரை நன்றாகப் போகிறதாம். அதன் பிறகு அவன் பேச்சைக் கேட்பதில்லையாம். 'நீ ஏதோ சொல்வாயே, அது என்ன சொல் என்று எழுது' என்று முடித்திருந்தான்.

அதைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது என்னைத் தவிர வேறு யாருக்கும் அடங்கவில்லை என்ற சந்தோஷம். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பதில் போடவில்லை. பதினோரு நாள் அது பையிலேயே இருந்தது. சட்டை மாற்றினால் கடிதத்தையும் மாற்றி வைப்பேன்.

பன்னிரண்டாம் நாள் சும்மா ஏரிப் பக்கம் நடந்தேன். வெளியூர்க்காரர்களை ஏற்றிச் சுற்றுகிற வாடகைக் குதிரைகள் அங்கே நிற்கும். ஒரு வெள்ளைக் குதிரை நடுரோட்டில் நின்றுகொண்டு அசைய மறுத்தது. சேணத்தில் இருந்த அம்மாள் பயந்து இறங்கிவிட்டாள். குதிரைக்காரர் குச்சியால் அடித்தார். அது நகரவில்லை, நடுங்கியது. நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"ஏனுங்க, அடிக்காதீங்க. அதுக்கு நீங்க சொல்றது புரியலைங்க."

"எனக்கும் தெரியுதுங்க" என்றார் அவர். அவர் முகமும் வேர்த்திருந்தது. "போன வாரந்தான் ஊட்டிப் பக்கமிருந்து கைமாறி வந்துச்சு. என்ன சொன்னா நடக்கும், என்ன சொன்னா நிக்கும், குடுத்த ஆளு ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டானுங்க. நா என்ன பண்றது?"

நான் அதன் கழுத்தில் கை வைத்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அதுவும் புரியவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. காதுகளைப் பின்னால் மடித்து, எங்கள் இருவரையும் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது.

அங்கிருந்து நேராகக் கடைவீதித் தபாலாபீசுக்குப் போனேன். என் தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதினேன். எந்த இடத்தில் சொல்ல வேண்டும், கத்தக் கூடாது, ஏறுவதற்கு முன் வலது கையைக் கழுத்தில் வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அம்மா சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

விடுப்பு முடிந்து போனபோது குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே முடி முளைக்காத புதுத் தழும்பு இருந்தது. மூன்றாவது தடையில் மோதியதாம். எப்போது என்று கேட்டேன். என் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு என்றார்கள்.

பருவத்தின் கடைசியில் வந்த பெரிய போட்டியில், கடிதம் எழுதியவன்தான் அதில் சவாரி செய்தான். நான் வேலிக்கு வெளியே, குதிரைக்குப் போர்த்தும் கம்பளியோடு நின்றேன். இரண்டாவது தடையைத் தாண்டியதும் அவன் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். குதிரை அடங்கியது, தாண்டியது. எங்கள் அணிக்கு இரண்டாவது இடம். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அவன் இறங்கி நேராக என்னிடம் வந்தான். "உங்கள் ஊரிலிருந்து தபால் வர இத்தனை நாள் ஆகுமா?" என்று இந்தியில் சாதாரணமாகக் கேட்டான்.

"ஆகாது. உன் கடிதம் பதினோரு நாள் என் பையில் இருந்தது" என்றேன்.

அவன் குதிரையின் தழும்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கடிவாளத்தை என் கையில் கொடுத்து, "வேர்வை ஆறுகிற வரை நடத்திக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனான். மைதானத்தைச் சுற்றி நான்கு முறை அதனோடு நடந்தேன். எதுவும் பேசத் தோன்றவில்லை.

குதிரை அவனிடமே இருந்தது. அடுத்த பருவத்துக்கு எனக்குக் கொடுத்தது கடிக்கிற பழக்கமுள்ள ஒரு சாம்பல் நிறக் குதிரை.