எல்லாருக்கும் ஒரே நம்பர்

ஏணிக்காரியை நகரத்தின் மேற்குப் பகுதியில் தெரியாதவர்கள் குறைவு. மடக்கு ஏணியை ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, கம்பத்துக்குக் கம்பம் ஏறி இணையக் கம்பி இழுப்பவள். முப்பத்துநாலு வயது, ஒற்றை அறை வீடு, பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். மேலே ஏறிவிட்டால் கீழே நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் பதில் சொல்ல மாட்டாள். யார் என்ன செய்தாலும் மறக்கவும் மாட்டாள். மன்னிப்பது பெரிய குணம் என்று பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மன்னிக்கும் அளவுக்கு எதுவும் நடந்திருக்காது. அவளுக்கு நடந்திருந்தது.

அப்போது அவளுக்கு இருபது வயது. பெற்றவர்கள் போன பிறகு அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். தங்கியிருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, அத்தானின் சட்டைக்கு இஸ்திரி போடுவது எல்லாம் அவள் தலையில்தான். இடையிடையே படித்து, தொலைத்தொடர்புத் துறை வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை அவகாசம். அன்று காலை அத்தான் சட்டையை நீட்டியபோது, "அப்புறம் போட்டுத் தரேன் அத்தான்" என்று சொல்லிவிட்டாள். அது போதுமானதாக இருந்தது. மூன்று மணிக்கு அவள் கணினி முன் உட்கார்ந்தபோது வீட்டு இணையத்தின் கடவுச்சொல் மாறியிருந்தது.

பதினோரு முறை அவருக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. சான்றிதழ் பையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த கணினிக் கடைக்கு ஓடினாள். அங்கே அவளுக்கு முன்னால் ஒன்பது பேர். அவள் முறை வந்து, கடைசிப் பக்கத்தை ஏற்றியபோது மணி ஐந்தைத் தாண்டி ஆறு நிமிஷம். அவகாசம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. வீட்டுக்கு வந்தால் அத்தான் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. இதுக்குப் போய் தெருத்தெருவா ஓடுவாங்களா?" என்றார்.

அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. ஏணிக்காரியின் மனசுக்குள் அன்றைக்கே ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. முதலில் அத்தான் பேர். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், அக்கா பேர். அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் அந்த வாசலை அப்புறம் மிதிக்கவில்லை.

அத்தான் சும்மா இருக்கவில்லை. கையில் இணையம் இருப்பவனுக்கு இல்லாதவர்கள் எப்படி வளைந்து கொடுப்பார்கள் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டு முன்னறையை இடித்துக் கடையாக்கி, 'சேவை மையம்' என்று பலகை மாட்டினார். நகராட்சி எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. குடிநீர் இணைப்பா, பிறப்புச் சான்றா, மருத்துவமனைப் பதிவா, எதற்கும் ஆளுக்கொரு நகரக் கணக்கு வேண்டும் என்றார்கள். வட்டாரமே அவர் கடையில் வந்து நின்றது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தவர்கள்கூட அவரிடம் கைகட்டி நின்றார்கள். வாடிக்கையாளர்களுக்கு அவர் 'சார்'. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் கடையைத் திறந்தார் என்று ஏணிக்காரி நம்பினாள். அவள் நம்பியதில் தப்பில்லை.

பதினாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வாய்ப்பு ஒரு படிவத்தின் உருவத்தில் வந்தது.

நகரம் முழுக்க நூறு இடங்களில் இலவச வைஃபை கம்பம் நடப்போவதாக நகராட்சி அறிவித்தது. ஒவ்வொரு கம்பத்தின் பக்கத்திலும் ஓர் உதவி அறை, அதில் இரண்டு கணினி, யார் வேண்டுமானாலும் வந்து தங்கள் வேலையை இலவசமாக முடித்துக்கொள்ளலாம். மேற்குப் பகுதியில் இடம் பார்க்கும் வேலை அவளுடைய நிறுவனத்துக்குக் கிடைத்தது. அத்தானின் தெருவில் இரண்டு இடங்கள் தோதாக இருந்தன. ஒன்று தெருக்கோடியில், பூங்கா மதிலை ஒட்டி. இன்னொன்று பழைய தண்ணீர் மோட்டார் அறை, சேவை மையத்துக்கு நேர் எதிரே. சிக்னல் அளக்கும் கருவியைக் கையில் பிடித்து இரண்டு இடத்திலும் நாலு நாலு முறை அளந்தாள். மோட்டார் அறையில் துளி கூடுதலாகக் காட்டியது. பொய் எழுத வேண்டிய அவசியம் வராததில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நகராட்சியின் உதவிப் பொறியாளர் படிவத்தைப் புரட்டினார். "எதிர்லயே ஒரு கடை இருக்கே, சண்டைக்கு வருவாங்களோ?"

"வரட்டும் சார். அளவு என்ன சொல்லுதோ அதத்தானே நாம எழுதணும்."

அவர் கையெழுத்துப் போட்டார். உதவி அறைக்கு உட்கார ஆள் கிடைக்கவில்லை என்று அவர் தலையைச் சொறிந்தபோது, முதல் மாதம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஏணியை ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

அத்தான் முதல் நாள் காலையிலேயே தெருவைக் கடந்து வந்தார். தலை நரைத்திருந்தது, தோரணை நரைக்கவில்லை.

"ஓ, நீயா. பரவாயில்லையே, கம்பம் ஏறியாவது பொழச்சுக்கிட்ட."

"ஆமா அத்தான். உங்க புண்ணியம்தான்."

"நடத்து நடத்து. இங்க வர்றவன் எல்லாம் கடைசியில என்கிட்டதான் வந்து நிக்கணும். பாத்துக்கிட்டே இரு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துபோனது. முதலில் வந்தவர் சலவைக்கடைக்காரர். மகளின் பிறப்புச் சான்று எடுக்க வேண்டும் என்றார். கணக்கைத் திறக்க ஓடிபி அனுப்பினாள். அவர் தன் போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எதுவும் வரவில்லை.

"உங்க கணக்குல வேற நம்பர் இருக்குண்ணே. கடைசி நாலு எண், நாலு நாலு ஏழு ஒண்ணு. யாரோடது?"

அவருக்குத் தெரியவில்லை. அடுத்து வந்த தையல்காரியின் கணக்கிலும் நாலு நாலு ஏழு ஒண்ணு. மூன்றாவதாக வந்த செவிலிக்கும் அதே. ஐந்தாவது ஆள் உட்காரும்போது அவள் எண்ணைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வரிசையில் நின்றவர்களே ஒன்றாகச் சொன்னார்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பு நின்றது. எல்லாரும் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார்கள். 'சார்' கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது விடாமல் கிணுங்கிக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் பாதிப் பேரிடம் போன் இல்லை என்பதும், அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டார் என்பதும் உண்மைதான். அப்புறம் எல்லாரிடமும் போன் வந்தது. அவர் மட்டும் எண்ணை மாற்றவே இல்லை. ஒரு சின்னச் சான்று எடுப்பதென்றாலும் அவர் வாயைத் திறந்தால்தான் நடக்கும் என்று வட்டாரத்தையே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். இத்தனை வருஷம் தங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் சலவைக்கடைக்காரர் சட்டைக் கையை மடக்கினார்.

ஏணிக்காரி அவரை உட்கார வைத்தாள். அடிதடியில் அவளுக்கு ஆசையில்லை. அடித்தால் ஒரு நாளில் வீங்கி ஒரு வாரத்தில் வற்றிவிடும். உதவிப் பொறியாளரை வரவழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் தெருவைக் கடந்து போய், முகத்தில் ஈயாடாமல் நின்ற அத்தானிடம் சுருக்கமாகப் பேசினார்.

"அடுத்தவங்க கணக்க உங்க நம்பர்ல பூட்டி வெச்சிருக்கீங்க. இது காவல் நிலையத்துக்குப் போற விஷயம். நம்பர் மாத்தணும்னா பழைய நம்பருக்கு வர்ற ஓடிபிய நீங்க சொல்லியே ஆகணும். எது வசதி?"

"மாத்திக் குடுத்துடறேன் சார். கடையில உக்காந்தே சொல்லிடறேன்."

"கடையில வேண்டாம் சார்" என்று ஏணிக்காரி குறுக்கே புகுந்தாள். "இங்க வந்து உக்காரச் சொல்லுங்க. அவங்கவங்க முன்னாடி, அவங்கவங்க காதுல விழற மாதிரி சொல்லட்டும்."

கம்பத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். கால் ஆடாத நாற்காலிதான், அதில் வஞ்சனை செய்யவில்லை. அத்தான் அதில் மூன்று நாள் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து அவர் எதிரே நிற்க, அவர் போனைப் பார்த்து ஆறு எண்களை உரக்கப் படிக்க வேண்டும். அவள் உள்ளே இருந்து அடிப்பாள். ஒரு ஓடிபிக்கு மூன்று நிமிஷம்தான் உயிர், அதனால் அவரால் எழுந்து போகவும் முடியவில்லை.

"சரியா கேக்கல அத்தான். இன்னொரு தடவ."

"அஞ்சு, ரெண்டு, ஒம்போது..."

"கொஞ்சம் நிமிந்து சொல்லுங்க. அவங்களுக்கும் கேக்கணும்ல?"

அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது. கேட்ட எண்ணையே மறுபடி சொல்ல வைத்து, அவர் குரல் கம்முவதை ரசித்தாள். முதல் நாள் முடிவில் எண்பத்திரண்டு பேர். அவரை யாரும் சார் என்று கூப்பிடவில்லை. தையல்காரி மட்டும் "வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று வீட்டுக்குப் போய் ஏணிக்காரி வயிறாரச் சாப்பிட்டாள். பழிவாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்வார்கள். அவளுக்கு நிறைந்திருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் வரிசை தேய்ந்தது. கடைசி ஆள் போனதும் அத்தான் நாற்காலியில் இருந்து எழுந்தார்.

"முடிஞ்சுதா? இப்ப குளுந்துடுச்சா?"

"இன்னும் ஒரு ஆள் இருக்காங்க."

அவள் பார்த்த திசையில் அவரும் திரும்பினார். அக்கா நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை, தலையை வாரி முடிந்திருந்தாள். ஒரே மகன் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போனதிலிருந்து அவள் வாசலுக்கு வருவதே அபூர்வம் என்று தெருவில் சொல்வார்கள். அவள் வருவாள் என்று ஏணிக்காரியும் எதிர்பார்க்கவில்லை.

"நீ எதுக்கு இங்க வந்த? உள்ள போ" என்றார் அத்தான்.

"என் கணக்கும் உங்க நம்பர்லதான் இருக்கு. மாத்தணும்."

"வீட்டுக்குள்ள பேசிக்கலாம்."

"வரிசையில நின்னுதான் வந்தேன்" என்றாள் அக்கா.

ஏணிக்காரி ஓடிபியை அனுப்பினாள். அத்தானின் போன் கிணுங்கியது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்று நிமிஷம் கழிந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி கழிந்தது. சலவைக்கடைக்காரர் கடையைப் போட்டுவிட்டு வந்து நின்றார், தையல்காரி வந்தாள், செவிலி வந்தாள். மூவரும் அவர் சட்டைப்பையையே பார்த்தார்கள். மூன்றாம் முறை கிணுங்கியபோது அத்தான் போனை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஆறு எண்களையும் கடகடவென்று சொன்னார். அக்கா பையிலிருந்து ஒரு போனை எடுத்தாள். அவளிடம் போன் இருப்பதே அத்தானுக்கு அப்போதுதான் தெரிந்தது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாத்தியாச்சு" என்றாள் ஏணிக்காரி, வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல. "வேற ஏதாவது வேணுமா?"

"அட்ரஸையும் மாத்தணும்."

"எந்த அட்ரஸுக்கு?"

"உன் அட்ரஸுக்கு."

அவள் அடித்தாள். கை தன் பாட்டுக்கு அடித்தது. அந்த முகவரியில் குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும் என்று திரையில் வந்தது. மறு விநாடி ஏணிக்காரியின் போனுக்கு ஆறு எண்கள் வந்தன. மூன்று நிமிஷம் குறையத் தொடங்கியது.

அவள் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். ஒருத்தி தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவளால் தனக்குள் மறைக்கவும் முடியவில்லை. வெளியே அத்தான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. என்ன நடக்கிறது என்று இந்தத் தெருவிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அன்னைக்கு நீ ஏன் நிமிந்து பாக்கல?" என்று கேட்டாள்.

அக்கா எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "பயம்."

"இப்ப?"

"இப்பவும்தான்."

ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தது. ஏணிக்காரி விசைப்பலகையை அக்கா பக்கம் தள்ளினாள்.

"உன்ன நான் மன்னிக்கல. அத மனசுல வெச்சுக்கிட்டு வா. நான் சொல்றேன், நீயே அடி."

போனை நிமிர்த்தி, கம்பத்தடி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள்.