கடைசி மடிப்பு

போன வாரம் மகளோடு புதுக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். அவளுக்குப் பதினாலு வயது. கடைக்காரர், "பாப்பாவுக்கு என்ன கலர் காட்டட்டும்?" என்றார். "நான் என்னம்மா பாப்பாவா?" என்று இவள் என் காதில் முணுமுணுத்தாள். நான் பாவாடையின் ஓரத்தைப் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தேன். புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியபோதுதான், தேடுவது என்னவென்று எனக்கே புரிந்தது. மடிப்பு. அந்த ரெடிமேட் பாவாடையில் மடிப்பே இல்லை.

உங்களுக்கும் நினைவிருக்கலாம். அந்த நாளில் பெண்பிள்ளைகளுக்குப் பாவாடையை நீளமாகத் தைத்து, கீழே மூன்று மடிப்புப் பிடித்துவிடுவார்கள். டக்கு என்போம். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியது. எங்கள் கீரனூரில் பிறந்த தேதியை யார் நினைவு வைத்தார்கள்? டக்கைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். மூன்றும் போனால் தாவணி. தாவணி வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருந்தார்: "கடைசி டக்கைப் பிரிக்கிற அன்னைக்குப் பொஸ்தகப் பையை எறவாணத்துல மாட்டிரணும், தாயி."

எட்டாம் வகுப்பில் நான் முருங்கைக்காயாய் நீண்டுவிட்டேன். ஒரே மடிப்புதான் பாக்கி. கணுக்கால் வெளியே தெரிந்தது. பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. யுத்த காலம் வேறு, புதுத் துணி குதிரைக்கொம்பு. அந்தப் பரீட்சையை எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்ல இன்றைக்கும் வாய் வராதவள் நான்.

மதினிதான் கண்டுகொண்டாள். அம்மா இல்லாத எங்கள் வீட்டுக்கு, அண்ணனைக் கட்டிக்கொண்டு பதினாலு வயதில் வந்தவள். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். அப்பா வயலுக்குப் போனதும் என்னோடு பாண்டி ஆடுவாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய மனுஷியாகிவிடுவாள்.

"ஏன்டி மூஞ்சி தொங்குது? இங்கிட்டு வா. பாவாடை நீளணும்னா கீழதான் நீளணுமா?"

இடுப்பைப் பிரித்து, தன் பழைய பச்சைச் சேலையில் நாலு விரல் அகலம் கிழித்து ஒட்டுப் போட்டாள். மேலே ஒட்டைச் சட்டை மறைத்துக்கொள்ளும். கீழே மடிப்பு அப்படியே இருக்கும்.

"எனக்கு ஒட்டுப் போட ஆளில்ல, படிப்பு அஞ்சாப்போட போச்சு. ஒனக்கு நான் இருக்கேன்ல?"

நான்கு மாதமும் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒருத்தி, "ஏ, இவ பாவாடை பச்சைக் குட்டி போட்டிருக்குடி!" என்றாள். வகுப்பே சிரித்தது. அப்பா காதுக்குப் போய்விடுமே என்பதுதான் அன்று முழுக்க எனக்குக் கவலை.

பரீட்சை முடிந்த அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சுப்பா."

"அப்பச் சரி." மதினியிடம் சொன்னார்: "அந்தப் பச்சை ஒட்டை எடுத்துட்டு டக்கைப் பிரிச்சு விடு, ஆத்தா. புள்ளைக்கு இடுப்புல உறுத்தும்."

மோர் ஊற்றிய மதினியின் கை அப்படியே நின்றது. "மாமா, ஒங்களுக்கு எப்படி..."

"கொடியில தெனமும் காயுதுல்ல? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

உடம்பில் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் விரித்துப் போட்டிருக்கிறோம், இரண்டு மக்குகளும். அதைத் தாண்டித்தான் அவர் வயலுக்குப் போனார். சொன்ன சொல்லை மாற்றத் தெரியாத மனிதர். பார்க்காத மாதிரி இருக்க மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் மதினி மடிப்பைப் பிரித்தாள். பாவாடை முழுக்க வெளுத்திருக்க, மடிப்புக்குள் இருந்த இரண்டு விரல் துணி மட்டும் எடுத்த அன்றைய அரக்கு நிறத்திலேயே இருந்தது. அதை அவள் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா போய் வெகுகாலமாயிற்று. மதினியும் போன வருடம் போய்விட்டாள். பதினாலு வயதில் பாப்பாவாக இருக்க என் மகளுக்கு யாரும் ஒட்டுப் போட வேண்டியதில்லை.

"அளவு சரியா இருக்காம்மா?" என்றாள்.

"சரியா இருக்கு" என்றேன், மடிப்பில்லாத அந்த ஓரத்தை விடாமல்.