பெரிய எழுத்துக்கு இடமில்லாத பெட்டி

தாராவியில் தோல் பை தைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு இணையதளம் வடிவமைத்தேன். மாட்டுங்கா வீட்டுக் கணினியில் பிரவுசரைச் சுருக்கியும் விரித்தும் பதினொரு அகலங்களில் சோதித்தேன். எதிலும் கோணல் இல்லை. மறுநாள் அவர் தன் வாடிக்கையாளர்களுக்கு அதன் இணைப்பை அனுப்புவதாக இருந்தார். அதற்கு முன் பட்டறையில் தன் கைபேசியில் திறந்து என்னிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, வெலையக் காணுமே! ஆர்டர் பட்டன எங்க ஒளிச்சு வச்சிருக்கீய?"

பார்வை மங்கலால் அவர் கைபேசியில் எழுத்தை மிகப் பெரிதாக்கி வைத்திருந்தார். நானோ பக்கத்தில் ஒவ்வொரு பையின் படமும் விலையும் வரும் பெட்டிக்கு உயரத்தைக் கறாராக நிர்ணயித்திருந்தேன். பெருத்த எழுத்து அதற்குள் அடங்காமல், விலையும் பட்டனும் வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

"என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே இருந்தது," என்றேன்.

"அப்போ பை வாங்குத ஆளெல்லாம் ஒங்க வீட்டுக்கு வந்து பாக்கணுமாக்கும்?"

தையல் மிஷினில் இருந்த இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தோல் வெட்டும் மேசையின் ஓரத்திலேயே லேப்டாப்பைத் திறந்து, உயர அளவுகளை எல்லாம் நீக்கினேன். எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரட்டும் என்று விட்டேன். அக்கா பக்கத்தை மறுபடி திறந்து, ஒரு பையின் விலையை உரக்கப் படித்து, பட்டனை அழுத்தினார். ஆர்டர் போயிற்று.

விலை தெரியாத வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அவருக்கு வியாபாரம் போயிருக்கும், என் தவறு எனக்குத் தெரிந்தே இருக்காது. முகத்துக்கு நேரே சொன்ன அக்காவுக்கு அன்று சிரிப்பில் நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. இங்கே சொல்கிறேன்.