சென்றாயனின் தூசி மெஷின்

சென்றாயன் முதலில் முகர்ந்து பார்ப்பார். நாற்காலியோ சோபாவோ பஸ் சீட்டோ, மெத்தை வைத்த எதுவானாலும் அதன் முன் மண்டியிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கைத் துணியில் பதிப்பார். பிறகு நிமிர்ந்து, அதில் உட்காருகிறவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார்.

"பொடி போடற ஆளுங்க."

"இதுல நாய் படுக்குதுங்க. இல்லீன்னு சொல்லாதீங்க."

ரேஞ்சர் வீட்டில் நாய் கிடையாது. ரேஞ்சர் அதைச் சொல்லியும் பார்த்தார். "அப்ப நரி வந்து படுக்குதுங்க," என்றார் சென்றாயன். தாம் தவறியிருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஊர் வளப்பூர் நாடு. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, ஒரு சரிவில் சாமை. சோறு போடுவது இவைதான். ஆனால் தொழில் என்னவென்று கேட்டால், "மெத்தை சுத்தம் பண்றதுங்க" என்பார். கொல்லிமலையில் மெத்தை வைத்த இருக்கைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வனத்துறை பங்களா, டாக்டர் வீடு, சந்தை கூடும் சோளக்காட்டு ஊரில் ஒரு மிளகு வியாபாரிக்குக் கல்யாணச் சீராக வந்த சோபா, அப்புறம் பஸ்கள். எங்கள் அப்பாவின் நாற்காலி. இதற்காக ஒரு மனிதர் கறவை எருமையை விற்றுச் சீமை மெஷின் வாங்கினார்.

அவர் மனைவி இருசாயி அதை இன்னும் விடவில்லை. யார் வந்தாலும் சொல்லிவிடுவார். "எருமை இருந்திருந்தா பாலாச்சுங் கறந்திருப்பேன். இவரு காத்தக் கறக்கறாரு."

மெஷின் என்பது ஒரு மிதிதுருத்தி. கரண்ட் தேவையில்லை, அதன் ஒரே நல்ல குணம் அதுதான். பலகை மேல் இரண்டு தோல் துருத்திகள். ஒருவர் அதில் ஏறி நின்று, கம்பைப் பிடித்துக்கொண்டு, மாறி மாறி மிதிக்க வேண்டும். மிதித்தால் குழாய் காற்றை இழுக்கும். கூடவே வரும் தூசி துணிப்பையில் தங்கும். குழாயின் நுனியில் மாட்ட மூன்று மூக்குகள்: பெரிய மூக்கு, சப்பை மூக்கு, இடுக்கில் நுழைவதற்கு மூஞ்சூறு. இந்தப் பெயர்கள் அவர் வைத்தவை. இவை தவிர பன்றிமுடி பிரஷ் ஒன்று, அந்துருண்டை போட்ட தகர டப்பாவில் இருக்கும். அதை வேறு யாரும் தொடக் கூடாது.

நான் சேலத்தில் ஒரு மில்லில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். காற்றையும் அழுத்தத்தையும் வைத்துத்தான் என் பிழைப்பு. சென்றாயனின் மெஷினை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளின் மேல் பலாப்பாலைத் தடவிச் சாக்குத்துண்டு ஒட்டியிருந்தார். இழுக்கும் காற்றில் பாதி அந்த ஒட்டுகள் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. சொன்னேன்.

"பாதி போயே இத்தன இழுக்குதுன்னா, முழுசும் இழுத்தா நாக்காலியே உள்ள போயிருமே தம்பி," என்றார்.

பஸ்ஸில் மெஷினைக் கூரையில் ஏற்ற விடமாட்டார். கம்பளியில் சுற்றி, தமக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார வைப்பார். கண்டக்டர் சின்னராசு அதற்கும் முழு டிக்கெட் கிழிப்பார்.

"அரை டிக்கெட் போடப்பா. சின்னதுதான?"

"வயசென்ன அதுக்கு?"

"வெள்ளக்காரன் காலத்துதுப்பா."

"அப்பப் பெரியவங்கதான். முழு டிக்கெட்டு."

பஸ்காரர்கள் மேல் அவருக்கு வேறொரு பயமும் உண்டு, விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று. சோளக்காட்டில் ஹாரன் கேட்டால் போதும், வேலை எந்த நிலையில் இருந்தாலும் மெஷினைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார். "மீதி அடுத்த தடவைங்க!" டாக்டர் வீட்டுச் சோபாவில் ஒரு பாதி நீலம், மறு பாதி சாம்பல். அடுத்த தடவை வந்தபோது நீலமாக இருந்த பாதியையே திரும்பவும் இழுத்துவிட்டுப் போனார். அதில்தான் மூக்கு நன்றாக ஓடுகிறதாம்.

எல்லாவற்றையும்விட எரிச்சலானது, மிதிக்கிற வேலையை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது. கூலியும் கொடுத்து, மிதிக்கவும் வேண்டும். டாக்டர் மிதித்திருக்கிறார். ரேஞ்சர் மிதித்திருக்கிறார். இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவில் இந்த மெஷின் இருந்த காலத்தில் அதை மிதித்தவர் சென்றாயன். மூக்கைப் பிடித்தவர் பட்லர். "அந்தாளு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைய மூக்கத் தொட உட்டிருப்பானா? காலு ரெண்டும் மரத்துப் போவும். அவன் நோவாம நாலு இழுப்பு இழுத்துட்டு, ஒத்தையா நின்னு வேல செஞ்சாப்புல தொரைகிட்டப் பேரு வாங்குவான்." துரை ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் போட்டார். மறுநாளே எருமை கைமாறியது.

அதே ஏலத்தில் எங்கள் அப்பா அந்த நாற்காலியை எடுத்தார். பச்சை வெல்வெட், உள்ளே ஸ்பிரிங். அப்பா அருணாசலம், ரோடு போட வந்த ஓவர்சியர். ரோடு முடிந்தும் மலையை விட்டு இறங்கவில்லை. அந்த மெஷினை எடுக்க வேண்டாம் என்று சென்றாயனிடம் முதலில் சொன்னவர் அவர்தான். "தென்னநார் பிரஷு ஒண்ணு போதும் சென்றாயா. மிச்சத்த வெயில் பாத்துக்கும்." நான் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வரும். நார் பிரஷ், பூந்திக்கொட்டை நுரை, வெயில். மெஷின் செய்வதில் முக்கால் பங்கை இவையே செய்துவிடும். மீதிக் கால் பங்குக்கு ஓர் எருமை என்பது எந்தக் கணக்கிலும் வராது.

சென்றாயன் விடவில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நிற்பார். "ஓவர்சீரய்யா, ஒருக்கா இழுத்து உட்டுட்டுப் போறனுங்க. காசே வேண்டாமுங்க."

அப்பா நாற்காலியில் இருந்தபடியே சொல்வார். "நான் எந்திரிச்சப்பறம் வா."

அப்பா எழுந்திருக்கமாட்டார். சென்றாயன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். இது வருடக்கணக்காக நடந்தது.

அப்பா போன மாதம் இறந்தார். அந்த நாற்காலியில்தான்.

மாமா குப்புசாமி அடிவாரத்திலிருந்து வந்திருந்தார். அம்மாவின் அண்ணன். செத்தவர் உட்கார்ந்த ஆசனம் கருமாதிக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றார். அம்மா சாப்பாட்டை நிறுத்தினார். அப்புறம் மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, இருக்கோணும்னா ஆளு உக்காந்த சுவடு இருக்கப்படாது. தூசி, எண்ணெச் சிக்கு ஒண்ணும் இருக்கப்படாது. நான் பாத்துத்தான் சொல்லுவேன்."

"அது போவக் கூடாது கண்ணு," என்றார் அம்மா என்னிடம்.

நார் பிரஷை எடுத்தேன். இடது கைப்பிடியை முடித்து, நுரை போட்டுத் துடைத்து, நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, தலையில் கம்பளி மூட்டையோடு சென்றாயன் படியேறினார். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மூட்டையை இறக்கினார். மண்டியிட்டார். முகர்ந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தீர்ப்பு வரவில்லை. கைப்பிடியை மட்டும் காட்டி, "இதாரு பண்ணுனது?" என்றார்.

"நான்தான்."

"பளபளன்னுதான் இருக்குது. ஆனா அழுக்கு எங்க தம்பி?"

"போயிருச்சு."

"போயிருச்சுன்னா எங்க? ஊட்டுக்குள்ளதான் பறக்குது. உங்க தலையப் பாருங்க."

தலையைத் தட்டினேன். தும்மினேன். அன்று அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

"ஏறி மிதிங்க," என்றார்.

மிதித்தேன். அவர் மூக்கைப் பிடித்தார். முதுகுச் சாய்மானத்துக்குப் பெரிய மூக்கு, மடிப்புகளுக்குச் சப்பை மூக்கு, ஸ்பிரிங் ஓரங்களுக்கு மூஞ்சூறு. "வேகமா மிதிங்க தம்பி, தூங்கறீங்களா?" என்று இடையிடையே அதட்டினார். ஒட்டுகள் எல்லாம் புஸ்புஸ்ஸென்று காற்றைவிட்டன. மில்லில் ஓர் ஆள் இப்படி ஒரு மெஷினை ஓட்டினால் வெளியே அனுப்பியிருப்பேன். என் கால்கள் மரத்துப்போன பிறகுதான் போதும் என்றார்.

மெஷின் தூசியை எடுக்கும்; எண்ணெயை எடுக்காது. தலை சாயும் இடத்திலிருந்த விளக்கெண்ணெய்க் கறையை நான்தான் பூந்திக்கொட்டை நுரை போட்டு எடுத்தேன். மாமா வந்து குனிந்து பார்த்தார். விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"வெயில்ல காய வெச்சுப் போடு. இருக்கட்டும்."

"மெஷினுன்னா மெஷினுதானுங்க," என்றார் சென்றாயன், நான் கறை எடுத்த இடத்தைக் காட்டி.

அம்மா சமையலறையிலிருந்து வந்தார். சென்றாயனைப் போலவே குனிந்து, சாய்மானத்தில் முகத்தை வைத்தார். "ஈர நார் வாசந்தான் வருது," என்றார். திரும்பி உள்ளே போனார். நாற்காலி தங்கிவிட்டது. அம்மாவுக்கு அது போதவில்லை. அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

சென்றாயனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பையைத் தரையில் ஒரு பேப்பரில் கொட்டுவார். வீட்டுக்காரர் வந்து கிளறிப் பார்த்து, தம் பொருள் ஒன்றும் அதில் இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரை நகரமாட்டார். ஒருமுறை ரேஞ்சர் வீட்டில் மூக்குத்தி காணவில்லை என்று இவரைச் சந்தேகமாகப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து இப்படி. குப்பையைக் கிளறச் சொல்லிக் கூலிக்கு நிற்கிற ஒரே மனிதர் இவர்தான்.

"கீழே தட்டிட்டுப் போங்க. பாக்க வேண்டாம்," என்றேன்.

"பாக்காமத் தட்டமாட்டனுங்க."

"ஒண்ணும் இருக்காது."

"அத நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க? அம்மாவக் கூப்புடுங்க."

கூப்பிட்டேன். எரிச்சலோடுதான் கூப்பிட்டேன். அவர் பையைக் கொட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். சாமை உமி, மிளகுத் தோல், ரோடு அளவுக்கு அப்பா வைத்திருந்த சிவப்புப் பென்சிலின் சீவல்கள், ஒரு சட்டைப் பித்தான், பொடியின் பழுப்புத் துகள். நடுவே குட்டை குட்டையாக வெள்ளை முடிகள்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் பித்தானை எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடியாக நகத்தால் பிரித்து எடுக்கத் தொடங்கினார்.

சோளக்காட்டுப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. திறந்திருந்த கதவு வழியாகக் காற்று வந்து, பேப்பரின் ஓரம் படபடத்தது. சென்றாயன் தவழ்ந்து போய், கதவுக்கும் குவியலுக்கும் நடுவே, காற்றுக்கு முதுகைக் கொடுத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.