கும்பிட்டு விரட்டிய ஆமை

எங்கள் ஊர் ஆட்கள் ஒரு ஆமையைக் கும்பிட்டே விரட்டியிருக்கிறார்கள். அடித்து விரட்டியிருந்தால் தப்பு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கும்பிட்டதால் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். சும்மா இருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாகூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நெல்லும் கரும்பும்தான் எங்களுக்குத் தெரியும். மாசி மகத்துக்கு ஊர்ப் பெருமாளை டிராக்டரில் ஏற்றி மேளத்தோடு கடலுக்குக் கொண்டுபோவோம். தீர்த்தவாரி முடிந்ததும் திரும்பிவிடுவோம். சைக்கிளில் போகிற தூரம்தான், ஆனால் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் கடலைப் பார்ப்பது.

அந்த வருடம் முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும் என்று பெரியப்பா எல்லோரையும் இருட்டோடு கிளப்பிவிட்டார். கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான். மீனவக் குப்பத்தை ஒட்டிய மணலில் நாங்கள் இறங்கியபோது விடிந்துவிட்டது. கொட்டகைக்குக் கால் நட இடம் பார்க்கப் போன சித்தப்பாதான் முதலில் கத்தினார்.

"அண்ணே, இங்க வாங்க. ஆமண்ணே. அன்னக்கூட அகலத்துக்கு இருக்குது."

ஈர மணலைத் தாண்டி மேட்டில் இருந்தது. பின்கால்களால் மணலை மாற்றி மாற்றி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது, அச்சு அசல் மனுஷக் கை அள்ளுவது மாதிரி. முட்டையிடக் குழி தோண்டுகிறது. இப்போது எழுதுகிற எனக்கு அது தெரியும். அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் பார்த்ததெல்லாம் வாய்க்கால் ஆமை. வயலில் தட்டுப்பட்டால் வீட்டுப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று குச்சியால் நெட்டித் தண்ணீரில் தள்ளுவோம். தண்ணீரில் இருக்க வேண்டியது கரையில் கிடந்தால் வழி தப்பிவிட்டது என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

பெரியப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "பெருமாளு வர்ற நாளா பாத்து வந்துருக்குது பாரு. கூர்மாவதாரம்டா இது."

அவ்வளவுதான். பெண்கள் மஞ்சளும் குங்குமமுமாக ஓடிவந்தார்கள். மேளக்காரர் தவிலை மாட்டிக்கொண்டார். வீட்டுப் பக்கம் வரக் கூடாத பிராணி ஒரே நிமிடத்தில் சாமியாகிவிட்டது.

படகுக்காகக் காத்திருந்த ஒரு அம்மா மீன்கூடையை மணலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். நாற்பது வயது இருக்கும். மூச்சு வாங்கியது.

"யண்ணா, யக்கா, கொஞ்சம் எட்ட வாங்க. அது முட்ட வுட வந்துருக்குது. மூஞ்சிக்கு நேரா நிக்காதீங்க. பின்னால தள்ளி குந்திக்குனு சத்தம் போடாம பாருங்க, யாரு வேணான்னது? ஒரு மணி நேரம்தான். வுட்டு மூடிட்டு அதுவே போயிடும்."

பள்ளிக்கூடமே போகாதவருக்குக்கூடப் புரிகிற பேச்சு. கூட்டத்திலிருந்து ஒருவர், "ஆமைக்கு நீதான் பிரசவம் பாக்கறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"சாமி காரியத்துக்கு வந்துருக்கறோம்மா. மீன் விக்கறவ நீ எங்களுக்கு சொல்லித் தராத. ஓரமா போ."

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். இதே பெரியப்பா, வீட்டில் பசு கன்று போடும் நாளில் கொட்டகைக்குச் சாக்குத் திரை கட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் சண்டைக்குப் போவார். "மாடு மிரளும்டி" என்று என்னை வாசலோடு நிறுத்துவார். ரேடியோவைக்கூட அணைக்கச் சொல்வார். பேறுகாலத்தில் ஒரு உயிரை எப்படி விட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தன் கொட்டகை மாட்டுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஆமையின் முதுகில் வெற்றிலை வைத்துச் சூடம் ஏற்றினார்கள். தலைக்குப் பக்கத்திலேயே தேங்காய் உடைத்தார்கள். தவில் அதன் மூஞ்சிக்கு நேராக முழங்கியது. ஆமையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கடலில் குடித்த உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும். "சாமி நம்மள பாத்து உருகுதுடி" என்று சொல்லி எங்கள் பெண்களும் அழுதார்கள். சித்தப்பா புதிதாக கேமரா போன் வாங்கியிருந்தார். என்னை ஆமைக்குப் பக்கத்தில் மண்டிபோடச் சொன்னார். "தலைல கைய வைடி. இங்க பாரு. சிரி." வைத்தேன். சிரித்தேன். கைக்குக் கீழே அந்தத் தலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. கடலாமைக்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள வராது.

பிறகு வழி தப்பி வந்த சாமியை மரியாதையாக அனுப்பி வைக்க முடிவு செய்தார்கள். பெருமாளுக்குத் தோள் கொடுக்கும் நான்கு பேரே தூக்கினார்கள். "கோவிந்தா" என்ற சத்தம் கடலுக்குக் கேட்டது. துடுப்புக் காலால் அது ஒருவர் நெஞ்சில் ஓங்கி அடித்தது. "ஆசீர்வாதம் பண்ணுதுடா" என்றார் அவர். தண்ணீரில் விட்டதும் அது திரும்பிக் கரைக்கே வந்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி வந்தது. "பிரிய மனசில்ல, பாவம்" என்றார் பெரியப்பா. மூன்றாவது முறை இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அது வரவில்லை.

தூக்கும்போதே அது முட்டை விட ஆரம்பித்திருந்தது. குழியில் கொஞ்சம், தூக்கிப்போன வழியெல்லாம் கொஞ்சம். எல்லோரும் முன்னால் நின்று மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான் திரும்பியபோது அந்த அம்மா மணலில் முட்டிபோட்டு, வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பந்து மாதிரி எதையோ ஒவ்வொன்றாக மடியில் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததையெல்லாம் குழிக்குள் இறக்கி, மணலைத் தள்ளி, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே செய்தார். திருடுகிறவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களைப் பார்த்துப் பயந்தவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று தெரியாது.

ஓடினேன். "பெரியப்பா, சாமி போட்ட முட்டைய அந்தம்மா எடுத்து ஒளிச்சி வைக்குது."

ஈர வேட்டியோடு அவர் வந்த வேகத்தை இன்னும் மறக்கவில்லை. மூடிய குழியை அந்த அம்மாவையே தோண்டச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். சித்தப்பா தோண்டினார். தாம்பாளத்தில் முட்டைகளைக் குவித்து மேலே பூப் போட்டார்கள். அந்த அம்மா அப்போதும் சண்டை போடவில்லை. "எடுக்கறதுன்னா எடுங்க. உருட்டாதீங்க, உள்ள உசுரு போயிடும். மேல் பக்கம் மேலயே இருக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

முட்டைகள் எங்கள் கோயிலில் பச்சரிசிக் குவியலின் மேல் பத்து நாள் இருந்தன. ஊரே வந்து கும்பிட்டது. பதினோராம் நாள் நாற்றம் தாங்காமல் எருக்குழியில் கொட்டினார்கள். அதைக் கொட்டுவதற்கு மேளம் இல்லை.

சமீபத்தில் அந்தக் கரைக்குப் போயிருந்தேன். விடுமுறைக்கு வந்த கூட்டம் ஒரு ஆமையைச் சுற்றி நின்று போன் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. தள்ளிப் போங்கள் என்று கத்தினேன். "நீங்க யாருங்க சொல்றதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அன்று முட்டையைக் காட்டிக்கொடுத்ததற்காக, திரும்பும்போது பெருமாளுக்குப் பக்கத்தில் டிராக்டரிலேயே என்னை உட்காரவைத்தார்கள். பெண்பிள்ளைகளை அங்கே ஏற்ற மாட்டார்கள். தாம்பாளம் என் மடியில் இருந்தது. டிராக்டர் குப்பத்துச் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. அந்த அம்மா பின்னாலேயே நடந்து வந்தார். வண்டி வேகமெடுத்ததும் ஓடிவந்தார்.

"பாப்பா, உங்க ஊர்ல ஆத்து மணலு இருந்தா அதுலயாவது பொதச்சி வையிம்மா" என்று கத்தினார். தவில் சத்தத்தில் பாதிதான் கேட்டது. பேசி முடித்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

பெருமாளைக் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. சாமி மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து அவரை நோக்கி வீசினேன். அது அவர் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கூப்பிய கையோடு என்னையே பார்த்தபடி நின்றுவிட்டார். சாமி பூவைக்கூட எடுக்கத் தெரியாத ஜனம் என்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.