சம்மாட்டியின்ர காலும் எங்கட சம்பளமும்

நேர்ஸ் வேலை சம்பளத்துக்குச் செய்யிற வேலையில்லை, அது ஒரு தொண்டு எண்டு மன்னாரில எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் எனக்குப் பால்மா விக்கிற கடைக்காரர்தான். வெள்ளைச் சட்டை தோய்க்கிற சவர்க்காரத்திலயே பாதிச் சம்பளத்தைக் கரைச்ச சகோதரங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதிறன். மற்ற ஆக்கள் வாசிச்சால் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிடுவினம். கும்பிட்டுக் கும்பிட்டே எங்களைக் கொல்லுற சனம் இது.

கடவுளின்ர வேலை

வரப்பிரகாசம் சம்மாட்டி பேசாலையில மூண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். சீனி வருத்தத்தால காலில புண் வந்து, பெருவிரலை எடுத்தாச்சு. மிச்சக் காலையாவது காப்பாத்த வேணுமெண்டால் ஒரு நாளும் தவறாமல் மருந்து கட்டவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைச்சுது. ஓட்டோவில வந்து இறங்கி, கதிரையில சாய்ஞ்சு, காலை என்ர மடிக்கு நேரை நீட்டிக்கொண்டு, தொண்டு எண்டால் என்ன எண்டு பிரசங்கம் வைப்பார். அந்த மணத்துக்க இருந்து பிரசங்கம் கேக்கிறது ஒரு தனிச் சுகம்.

மண்ணெண்ணெய் விலை ஏறின நாளில இருந்து அவற்ற வள்ளங்கள் கரையில கிடக்குது. இந்த விலைக்கு எண்ணெய் அடிச்சுக் கடலுக்குப் போகேலாது எண்டு கரை முழுக்க ஒரே முடிவு. அதைத்தானே ஐயா நாங்களும் சொல்லுறம், சாமான் விலை எல்லாம் எங்கயோ போட்டுது, சம்பளம் மட்டும் நிண்ட இடத்திலயே நிக்குது, அதாலதான் வாற கிழமை வேலைநிறுத்தம் எண்டு மெல்லமாய்ச் சொல்லிப் பாத்தன். மனுசன் திடுக்கிட்டுப்போனார்.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? எங்கட தொழில் வேற. மீன் எங்க ஓடப்போகுது, கடலிலதானே கிடக்கும். நீ செய்யிறது கடவுளின்ர வேலை. கடவுள் விலைவாசி பாக்கிறவரே?"

கறுப்புப் பட்டி

வேலைநிறுத்தத்துக்கு முதல், எதிர்ப்பைக் காட்ட எல்லாரும் கையில கறுப்புப் பட்டி கட்டினம். யோசனை கொழும்பில இருக்கிற எங்கட சங்கத்தில இருந்து வந்தது. கொழும்புக்கு எங்கட சனத்தைத் தெரியாது. இந்தக் கரையில கறுப்பைக் கண்டால் செத்தவீடுதான், வேற கதையே இல்லை. வார்டுக்குள்ள கால் வைக்க முதலே ரெண்டு மனுசியள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கிட்டினம். அண்டைக்கு ஊசி போடேக்க கூட ஒருத்தரும் முனகேல்ல. துக்கத்தில இருக்கிற பிள்ளையைக் கரைச்சல் படுத்தக்கூடாதாம்.

வார்டில கிடந்த தாயைப் பாக்க விடத்தல்தீவில இருந்து வந்து நிண்ட பிலோமினாக்கா ஒரு படி மேல போனா. அடுத்த நாள் விடியவே கோயிலுக்குப் போய், எங்கட குடும்பத்தில செத்த ஆத்துமாவுக்கெண்டு ஒரு பூசை ஒப்புக்குடுத்திட்டு வந்து நிக்கிறா. ஐயோ அக்கா, எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்ல, இது சம்பளம் கூட்டச் சொல்லிக் கட்டின பட்டி எண்டு விளங்கப்படுத்தினன். மனுசி என்ர பட்டியைத் தடவிவிட்டுச் சொன்னா.

"குடுத்த பூசையைத் திருப்பி எடுக்கேலாது மிஸ். சரி விடுங்கோ, செத்தவைக்குக் கேக்கிற மாதிரி உங்கட சம்பளத்துக்கும் நித்திய இளைப்பாற்றி கிடைக்கட்டும்."

மோட்சமும் பால்மாவும்

பால்மாவைத் தண்ணியாய்க் கரைச்சுக் கரைச்சு, கடைசியில ஒரு நாள் என்ர மகள் கோப்பைக்குள்ள எட்டிப் பாத்திட்டு, "அம்மா, இது பாலா, போத்தல் கழுவின தண்ணியா?" எண்டு கேட்டிட்டாள். ஊரில உள்ள பிள்ளையளுக்கெல்லாம் சத்துணவு பற்றி விளக்கம் குடுக்கிற வாய் என்ர வாய்!

நேரை அந்தோனியண்ணையின்ர கடைக்குப் போனன். போன வருசம் நெஞ்சுவலி எண்டு வந்து, 'நான் சாகப்போறன், நான் சாகப்போறன்' எண்டு ஆஸ்பத்திரி கூரை பறக்கக் கத்தின ஆள் அவர். விடியும் மட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள் நான். அந்த உரிமையில, பழைய விலைக்கு ஒரு பால்மா பைக்கற் தாங்கோ அண்ணை எண்டு கேட்டன். மனுசனுக்குக் கண் கலங்கிட்டுது. பொய் சொல்லக்கூடாது, உண்மையாயே கலங்கினது.

"உங்களுக்கு மோட்சத்தில இடம் நிச்சயம் தங்கச்சி, நான் மாதாவிட்டச் சொல்லி வைக்கிறன். பால்மாவுக்கு மட்டும் புது விலையைத் தந்திட்டுப் போங்கோ."

ரிஸ்வானாவின்ர தீர்ப்பு

ரிஸ்வானா என்னோட வேலை செய்யிறவள். முசலியில இருந்து ரெண்டு பஸ் மாறி வாறவள். வேலைநிறுத்தத்துக்குப் பிடிக்கிற பலகையில 'சம்பளத்தை உயர்த்து' எண்டு எழுதினதும் அவள்தான். வேலைநிறுத்தம் ஒரு நாள், அவசரப் பிரிவு, பிள்ளையளின்ர வார்டு, பிள்ளைப்பேறு, இதுகளுக்கு ஆள் நிக்கும், மருந்து கட்டுற அறைக்குப் பூட்டு எண்டு முடிவாச்சு. எனக்கு இருப்புக் கொள்ளேல்ல. சம்மாட்டி கதைச்ச கதைக்கு ஒரு நாள் காயவிடத்தான் வேணும் எண்டு வாய் சொல்லுது. அந்தக் கால் கறுத்தால் அறுக்கப்போறது அவற்ற வாயை இல்லையே எண்டு மனம் சொல்லுது.

கடைசியில சம்மாட்டியின்ர மனுசியைக் கூப்பிட்டு, மருந்தையும் துணியையும் கையில குடுத்து, ஒரு நாளைக்கு நீங்கள் கட்டிவிடுங்கோ எண்டு காட்டிக் குடுத்தன். அவ சுவரில தொங்கின கலண்டரைப் பாத்துக்கொண்டு 'ஓம் ஓம்' எண்டவ. காலின்ர பக்கம் திரும்பவே இல்லை. பாத்துக்கொண்டு நிண்ட ரிஸ்வானாவுக்கு வந்துதே கோபம்.

"நீ இப்பிடி இரங்குவாய் எண்டு தெரிஞ்சுதான்டி அவங்க சம்பளத்தைக் கூட்டாம இருக்கிறாங்க!"

கேற்றடியில

வேலைநிறுத்தத்தண்டு எங்களுக்கு முதல் ஆதரவு தந்தது மன்னார்க் கழுதையள். காலமையே நாலைஞ்சு வந்து, ஆஸ்பத்திரி வாசல் கேற்றடி நிழலில எங்களோட சேர்ந்து நிண்டுதுகள். பாரம் சுமக்கிற இனமெல்லாம் ஒண்டு கூடிட்டுது எண்டு ரிஸ்வானா கைதட்டினாள். அந்த நேரம் பாத்து ஓட்டோ வந்து நிண்டுது. சம்மாட்டி காலைச் சாரத் துணியால சுத்திக்கொண்டு இருக்கிறார். மனுசி கட்டை அவிழ்த்தவவாம், புண்ணைக் கண்டதும் 'யேசுவே' எண்டு குசினி வாசலில விழுந்திட்டாவாம். மகன் கத்தரிக்கோல் வாங்கப் போனவனாம், இன்னும் வாங்கி முடியேல்லயாம்.

நான் ரிஸ்வானாவைப் பாத்தன். அவள் காலைப் பாத்தாள். ஏதோ வாய்க்குள்ள திட்டிப்போட்டு, தானே உள்ள போய் மருந்துத் தட்டைக் கொண்டுவந்து என்னட்ட நீட்டினாள். கேற்றடியில ஒரு கதிரையைப் போட்டுச் சம்மாட்டியை இருத்தினம். நான் கட்ட, அவள் 'சம்பளத்தை உயர்த்து' பலகையால புண்ணில மொய்க்க வந்த இலையான் விசுக்கினாள். சம்மாட்டி அண்டைக்குப் பிரசங்கம் வைக்கேல்ல. என்ர கையையே பாத்துக்கொண்டிருந்தார்.

"பெத்த மகனே பாக்க மாட்டன் எண்டு ஓடின காலை, நீ ஒவ்வொரு நாளும் மடியில வைச்சுப் பாக்கிறாய். இதுக்கு என்ன பிள்ளை தாறாங்கள்?" எண்டார். இத்தனை வருசத்தில இந்தக் கேள்வியை என்னட்டக் கேட்ட முதல் ஆள் அவர்தான். தொகையைச் சொன்னன். காது கேக்காத மாதிரி இன்னொருக்காக் கேட்டார். திரும்பவும் சொன்னன். மனுசன் ரிஸ்வானாவின்ர கையில இருந்த பலகையைப் பறிச்சுத் தன்ர மடியில நிமித்தி வைச்சுக்கொண்டு, றோட்டால போற சனமெல்லாம் நிண்டு பாக்கக் கத்தினார்.

"இந்தக் காசுக்கு என்ர மீன்வாடியில கருவாடு புரட்டவும் ஒருத்தரும் வராயினம்!"

சம்பளம் கூட்டுற கதை கொழும்பில இன்னும் பேச்சுவார்த்தையில கிடக்குது, சம்மாட்டியின்ர கால் நல்லாய் ஆறிக்கொண்டு வருது, கருவாடு புரட்டுற வேலையில ஒரு இடத்தை எனக்கெண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறதாய் மருந்து கட்டுற நேரமெல்லாம் அவர் சத்தியம் பண்ண, நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.