லைன்மேன் பெண்டாட்டி

லைன் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு அம்சவள்ளியின் பாதி வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். திண்டிவனத்தில் ரயில் லைனை ஒட்டிப் பிறந்த வீடு. விவரம் தெரிந்த நாளிலிருந்து குடத்தோடு தண்ணீர் லைனில் நின்றவள். தெருவிளக்கு மாற்ற வந்த ஜெகதீசன், எரிகிற விளக்கையும் பார்க்க வர ஆரம்பித்தபோது, "ஒனக்குத்தான்டி லைன் வுடுறான்" என்று தோழிகள் கிண்டலடித்தார்கள். அப்பா வெங்கடாசலம் மட்டும், "கம்பம் ஏர்ற லைன்ல இருக்கறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். மகளின் பிடிவாதம் ஜெயித்தது. ஆனால் அப்பாவின் பயமும் சீதனத்தோடு சீதனமாகக் கூடவே வந்துவிட்டது.

அதற்கு ஜெகதீசன் ஒரு வழி செய்தான். கம்பம் ஏறுமுன் கரண்டை நிறுத்தச் சொல்லி 'லைன் கிளியர்' வாங்குவார்கள். வேலை முடிந்து அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கரண்டு விடுவார்கள். திருப்பிக் கொடுக்குமுன் அவன் வீட்டுக்கு போன் போட்டு, "எறங்கிட்டேன்" என்பான். இத்தனை வருஷத்தில் தவறியதில்லை.

புயல் அடித்து ஓய்ந்த அந்தச் சாயங்காலம் போன் வரவில்லை, கரண்டு வந்தது. தெருவே கூச்சல் போட்டுக் கொண்டாடியது. அம்சவள்ளி போனைப் பார்த்தாள். அவன் ஏறியிருந்தது இந்தத் தெருவுக்குக் கரண்டு வரும் கம்பத்தில்தான். போன் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.

"இன்னாக்கா, கரண்டு வந்ததுக்கா இப்பிடி மொகத்த வச்சிக்கினு இருக்கே?" என்றாள் பக்கத்து வீட்டுப் பூமாலை. அம்சவள்ளி செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

தெருமுனை தாண்டி, கம்பத்தடியில் ஜெகதீசன் டீ குடித்துக்கொண்டு நின்றான்.

"போனு தண்ணியில வுழுந்துடுச்சி. அதுக்கா இப்பிடி ஓடியாந்தே?"

அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. அவன் கைகள் இரண்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கைய வுடு. அடுத்த கம்பத்துக்கு லைன் கிளியர் வாங்கியாச்சி. ஏறணும்."

விடுவித்துக்கொண்டு ஏறினான். மழை மறுபடி பிடித்தது.

"நனையாதீங்க அண்ணி, வூட்டுக்குப் போங்க" என்றார்கள் கூட வேலை செய்பவர்கள்.

அம்சவள்ளி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"எறங்கட்டும், போறேன்."